இடப்பக்க ஒடிப்பு

என் கைக்கு இருக்கிற நல்ல பெயர் என் வாய்க்குக் கிடையாது. உச்சிப்புளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மலையாண்டியிடம் வண்டியை விடு, பேச்சு மட்டும் கொடுக்காதே. ராமேஸ்வரம் சாலையோரம் என் ஒர்க் ஷாப். கோயிலுக்குப் போகிற வண்டிகள் வழியில் படுத்துக்கொண்டால் என்னிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். வந்தவர் இறங்கியதும் இது கார்புரேட்டர் கோளாறு என்று ஆரம்பித்தால், அதுதான் தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டுவிடுவேன். வேலை தெரிந்தவனுக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டினேன். அந்தக் கோபத்தால் ஒரு பெண் செத்தாள், ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போனான். இதைக் கடைசியில் சொல்லி யாரையும் திடுக்கிட வைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ராமநாதபுரத்துக்கு மேற்கே, பிரதான சாலையை விட்டு விலகி, கண்மாய்க்கரை வழியாகப் போகிற ஒரு ஊரில் வீரபத்திரன் என்று பெரிய நிலக்காரர் இருந்தார். அவரிடம் 1962-ஆம் வருஷத்துப் பியட் ஒன்று இருந்தது. பால் நிறம். புது கார் வாங்க வசதி இருந்தும் அவர் அதை மாற்றவில்லை. அந்தக் காரை ஓட்டியவன் சின்னக்கருப்பன். அவனுடைய அய்யா வீரபத்திரனின் வயலில் வேலை செய்தவர். இவன் சின்ன வயதில் காரைத் துடைக்க வந்து, பிறகு ஸ்டீரிங்கைப் பிடித்தவன். அவர்கள் தெருவிலிருந்து ஒருவன் அந்தக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்ததே அந்த ஊரில் பலருக்குக் கண்ணை உறுத்திய விஷயம். அவன் என்னை அண்ணே என்பான். நான் அவனை ஏலே என்பேன். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன்.

அந்த ஊருக்குள் நுழைகிற இடத்தில், கண்மாய் மடைக்குப் பக்கத்தில், கரை சட்டென்று இடப்பக்கம் திரும்பும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பதினைந்து அடிப் பள்ளத்தில் வயல். ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்புவதை எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஒடிப்பது என்பார்கள். அந்த வளைவில் டிராக்டர்காரன்கூட ஒருமுறை ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்துத்தான் திரும்புவான். சின்னக்கருப்பன் மட்டும் பியட்டை நிறுத்தாமல் ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவான். சக்கரத்துக்கும் கரை விளிம்புக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும். பதினாறு வருஷமாகத் தினமும் திருப்பிய வளைவு அது.

1993 ஐப்பசியில் அந்தக் கார் என்னிடம் வந்தது. ஸ்டீரிங்கில் ஆட்டம் அதிகமாகிவிட்டது. கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. ஸ்டீரிங் பாக்ஸைக் கழற்றி, தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டு லேத்தில் கடைந்த புது புஷ் போட்டு, ஆயில் சீல் மாற்றினேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வித்தை எல்லாம் திரும்ப மாட்டுவதில்தான் இருக்கிறது.

பாக்ஸுக்கு ஒரு நடு உண்டு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுற்றினால் இந்தக் காருக்கு மூன்று சுற்று. ஒன்றரைச் சுற்று திரும்பி வந்து நிறுத்தினால் அதுதான் நடு. பாக்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற தண்டில் வரிசையாகப் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்லில்தான் ஆர்ம் மாட்டும். ஆர்ம்தான் முன் சக்கரங்களைத் தள்ளித் திருப்புவது. பாக்ஸ் நடுவில் நிற்க வேண்டும், சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும், அந்த நிலையில் ஆர்ம் பல்லில் ஏற வேண்டும். ஒரு பல் தள்ளி ஏறினாலும் கார் நேராகத்தான் ஓடும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் முழுதாக ஒடியும், மறுபக்கம் ஒடிப்பு குறைந்துபோகும். தவறாகவே மாட்ட முடியாதபடி சில வண்டிகளில் அகலமான பல் ஒன்றை வைத்திருப்பார்கள். இந்தக் காரில் என்றைக்கோ யாரோ வேறு தண்டும் வேறு ஆர்மும் போட்டிருந்தார்கள். அந்த அகலப் பல் இதில் இல்லை.

அதனால் நான் எப்போதும் செய்வதையே செய்தேன். பாக்ஸைப் பெஞ்சில் வைத்துச் சுற்றுகளை எண்ணி நடுவைப் பிடித்தேன். தண்டின் முனையில் ஒரு சிவப்புப் பெயிண்ட் பொட்டு, ஆர்மில் தண்டு நுழைகிற காதில் ஒரு சிவப்புப் பொட்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வந்தால் சரியான பல். கிரீஸ் பட்ட கறுப்பு இரும்பில் சிவப்புதான் கண்ணுக்குத் தெரியும். இதை முடிக்கும்போது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆகிவிட்டது. காரில் மாட்டவில்லை.

ஆயுத பூஜை அன்று ஒர்க் ஷாப் என் மனைவி மீனம்மாள் கைக்குப் போய்விடும். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், கழற்றிப் போட்ட சாமான் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவுவாள். பெரிய சாமானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். எண்ணெய்ப் பசை உள்ள சின்னச் சாமானில் சந்தனம் ஒட்டாது என்று, குங்குமத்தை மட்டும் நல்லெண்ணெயில் குழைத்துப் பொட்டு வைப்பாள். பூஜை முடிந்தால் மறுநாள்வரை எதையும் தொடக் கூடாது. விஜயதசமி அன்று எடுக்கிற முதல் வேலை தடங்கலில்லாமல் முடிய வேண்டும். முடிந்தால் அந்த வருஷம் முழுக்கக் கை ஓடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை.

அந்த வருஷம் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கார் வெளியே போக வேண்டும் என்று வீரபத்திரன் சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய மகள் சண்முகவள்ளி மதுரையில் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பஸ்ஸில் வந்து ராமநாதபுரத்தில் இறங்குவாள், அங்கே ஏற்றிக்கொள்ள வேண்டும். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். சின்னக்கருப்பன் இரண்டு மணிக்கே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தான். அவன் மேல் எந்த வாடையும் இல்லை. பக்கத்தில் நின்றவன் நான், எனக்குத் தெரியும்.

காருக்கு அடியில் படுத்து பாக்ஸைப் போல்ட் போட்டு முடுக்கினேன். தண்டில் சிவப்புப் பொட்டு இருந்தது. ஆர்மில் சிவப்புப் பொட்டு இருந்தது. இரண்டையும் எதிரெதிராக வைத்து ஆர்மை ஏற்றி நட்டை இறுக்கினேன். மறுபடி எண்ணிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நானே எண்ணி நானே வைத்த பொட்டு, அதை நானே சந்தேகப்படுவதா என்று விட்டுவிட்டேன். கடைசியாக, சக்கரங்கள் நேராக நிற்க, ஸ்டீரிங்கை நேராக வைத்து மாட்டினேன். கண்ணுக்கு எல்லாம் நேராக இருந்தது.

மீனம்மாள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு உள்ளே போனாள். சின்னக்கருப்பன் பழத்தை நசுக்கிக் காரை வெளியே எடுத்து, சாலையில் ஏற இடப்பக்கம் ஒடித்தான். ஒருமுறையில் ஏறவில்லை. பின்னால் எடுத்து மறுபடி ஒடித்து ஏறினான். ஏறியவன் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"அண்ணே, இடப்பக்கம் ஒடிப்பு கொறையுற மாதிரி இருக்குண்ணே. ஒருக்கா பாத்துருங்களேன்."

மணி நாலே கால். எலுமிச்சம்பழம் நசுக்கி வெளியே போன வண்டியைத் திரும்ப உள்ளே ஏற்றுவது அபசகுனம். அதுவும் அந்த வருஷத்தின் முதல் வேலை. சாலையில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் காரணம் என்று சொல்லலாம். உண்மையான காரணம், என் வேலையில் குற்றம் சொன்னது சின்னக்கருப்பன் என்பதுதான்.

"புது புஷ் போட்டா இறுக்கமாத்தான்ல இருக்கும். ஓட ஓடச் சரியாகும். நீ வண்டிய ஓட்டு, மெக்கானிக் வேலைய நான் பாக்குறேன்."

சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போனான்.

நடந்ததை மறுநாள் காலை டீக்கடையில் கேட்டேன். பொழுது சாயவில்லை, வெளிச்சம் நன்றாக இருந்திருக்கிறது. முன்னே பெய்த மழையில் கண்மாயில் ஆள் முழுகும் தண்ணீர். மடை வளைவில் சின்னக்கருப்பன் எப்போதும்போல் ஒரே ஒடிப்பில் திருப்பியிருக்கிறான். கார் பாதி திரும்பியது. மீதி திரும்பாமல் முன் சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. கார் மூக்கு குத்தித் தண்ணீருக்குள் போனது. அவன் ஜன்னல் வழியாக வெளியே வந்து, மூச்சு எடுத்து, திரும்ப உள்ளே முங்கிப் பின் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறான். சேற்றில் புதைந்த கதவு திறக்கவில்லை. வயலில் நின்ற ஆட்கள் ஓடி வந்து கயிறு கட்டி இழுத்து முடிப்பதற்குள் சண்முகவள்ளி செத்துப்போனாள். அவள் அப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றார்கள்.

கரையிலேயே சின்னக்கருப்பனை அடித்தார்கள். பூஜை முடிந்த மறுநாள், டிரைவர் குடிக்காமல் இருப்பானா என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பிறகு அது கேள்வியாக இல்லை. ஊர் முழுக்க அவன் குடித்திருந்தான் என்றே பேச்சு. போலீஸிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து காரைப் பார்த்தார். விழுந்த வேகத்தில், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற டை ராட் வளைந்து சக்கரங்கள் கோணிக்கொண்டு நின்றன. ஒடிப்பு எவ்வளவு என்று அந்த நிலையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிரேக் சரியாக இருக்கிறது, எந்திரக் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கோளாறு இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே.

மாசி மாதம் வீரபத்திரன் காரை டிராக்டரில் கட்டி என்னிடம் அனுப்பினார். என் கண்ணில் படக் கூடாது, என்னவாவது செய்துகொள் என்று சொல்லி அனுப்பினார். சீட்டுக்கு அடியில் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாவது நாள் கடைக்கதவைச் சாத்திவிட்டு அடியில் படுத்தேன்.

ஆர்மைக் கழற்றுவதற்கு முன்னால், எந்தப் பல்லில் இருக்கிறது என்று உளியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டேன். பாக்ஸைப் பெஞ்சில் வைத்தேன். ஒரு முனையிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பி ஒன்றரைச் சுற்று வந்து நிறுத்தினேன். நடுவில் நிற்கும்போது ஆர்ம் ஏற வேண்டிய பல்லில் கீறல் இல்லை. ஒரு பல் தள்ளி இருந்தது. தவறாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். ஆறு முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் அதே ஒரு பல். அந்தப் பல் கணக்குக்கு வலப்பக்கம் ஒன்றரைச் சுற்று முழுதாகக் கிடைக்கும், சக்கரம் அதற்கு மேல் ஒடியாது. இடப்பக்கம் ஒரு சுற்றோடு பாக்ஸே முட்டி நின்றுவிடும். அவன் சொன்னது சரி.

அன்று சாப்பிடும்போது மீனம்மாளிடம், பூஜைக்குப் பெஞ்சில் இருந்த ஸ்டீரிங் பாக்ஸையும் தேய்த்தாயா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"தேய்ச்சேனே. செவப்பா ஏதோ பட்டுக் கெடந்துச்சு. அழிச்சுட்டு அதே எடத்துலயே பொட்டு வச்சேன்."

அதே இடத்தில்தான் வைத்திருக்கிறாள். குத்துமதிப்பாக, ஒரு பல் தள்ளி. அவளுக்கு அது பொட்டு, எனக்கு அது அளவு. ஒரு வாரம் மனதுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தேன். பிறகு அதுவும் முடியவில்லை. அவள் பதினைந்து வருஷமாக அப்படித்தான் பொட்டு வைக்கிறாள், பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். மறுபடி எண்ண வேண்டியது என் வேலை. அதையும் விட்டால்கூட, கார் சாலையில் ஏறாமல் நின்றபோது ஒருவன் இறங்கி வந்து சொன்னானே. எதற்காகக் கேட்டேன் என்பதை இன்றுவரை மீனம்மாளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய பாவம். பாக்ஸை நடுவில் நிறுத்தினேன். பழைய பொட்டுகளைத் துடைத்து, கீறலை அரம் போட்டு அழித்தேன். வளைந்த டை ராடை மாற்றினேன். சக்கரங்களை நேராக்கி, முன்னாலும் பின்னாலும் நூல் பிடித்துப் பார்த்து, ஆர்மைச் சரியான பல்லில் ஏற்றினேன். உட்கார்ந்து எண்ணினேன். வலது ஒன்றரை, இடது ஒன்றரை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு ஸ்டீரிங் வேலை செய்ததில்லை. இனி யார் பிரித்துப் பார்த்தாலும் மலையாண்டி வேலையில் குற்றம் இருக்காது. செத்தவள் செத்துப்போனாள், கார் இனி ஓடப்போவதில்லை, ஆனாலும் அது சரியாக இருந்தது.

மறு வருஷம் ராமநாதபுரம் கோர்ட்டில் கேஸ் நடந்தது. சின்னக்கருப்பன் தான் மெக்கானிக்கிடம் சொன்னதாகத் தன் வக்கீலிடம் சொல்லியிருந்தான். அதனால் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அன்று சாலையில் நின்ற நாலு பேரும் வழிப்போக்கர்கள், ராமேஸ்வரத்துக்குப் போனவர்கள். எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. நான் சொல்வதுதான் சாட்சி. சத்தியம் வாங்கினார்கள். வண்டியை எடுக்கும்போது டிரைவர் ஸ்டீரிங்கைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று வக்கீல் கேட்டார்.

"இல்லை. ஒண்ணும் சொல்லலை."

ஜெயிலுக்குப் பயந்து சொன்னேன் என்றால் அது பாதி உண்மை. வீரபத்திரனின் ஆட்கள் என்னையும் கரையில் வைத்து அடிப்பார்கள் என்ற பயம் கொஞ்சம். மீதி, மலையாண்டிக்கு வேலை தெரியாது என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்பது. இதற்காக ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்பலாமா? அனுப்பினேன்.

கூண்டில் நின்ற சின்னக்கருப்பனைப் பார்க்காமல் இறங்கிவிட நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் யோசனையாக நின்றான். தான் உண்மையிலேயே சொன்னோமா என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறவன் நிற்பதுபோல் நின்றான். அவனுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள். லைசென்ஸும் போயிற்று.

ஜெயிலிலிருந்து வந்தவன் ஊருக்குப் போகவில்லை, பெண்சாதி கருத்தம்மாளோடு காரங்காடு பக்கம் கரிமூட்டம் போடப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். கருவேல மரத்தை அடுக்கி, மண் பூசி, உள்ளே தீயைப் புகையவிட்டுக் கரி எடுக்கிற வேலை. அந்தப் பக்கம் வண்டி பழுது என்று அழைத்தால்கூட நான் போவதில்லை.

2004-ல் ஒரு நாள் மத்தியானம் கருத்தம்மாள் என் கடைக்கு வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கும்பிட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு வண்டி எடுக்கையில நீங்கதான் பக்கத்துல நின்னீக. அவரு குடிச்சிருந்தாரா?"

இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே அவள் அழுதுவிட்டாள். பிறகு உட்கார்ந்து சொன்னாள். ஜெயிலில் முதல் வருஷம் பார்க்கப் போனபோதெல்லாம் நான் குடிக்கவில்லை, இடப்பக்கம் ஒடியவில்லை என்று அழுவானாம். அடுத்த வருஷம் பேச்சு குறைந்ததாம். வெளியே வந்த பிறகு, குடித்திருந்தேன், அதனால்தான் கை பிந்திவிட்டது என்கிறானாம். எந்தக் கடையில் குடித்தான், கூட யார் இருந்தார்கள் என்றுகூடச் சொல்கிறானாம். அன்று காலையிலிருந்து அவன் தன்னோடுதான் வீட்டில் இருந்தான் என்று இவள் சொன்னால், நீ பெண்டாட்டி, அப்படித்தான் சொல்வாய் என்கிறானாம். பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. ஒவ்வொரு விஜயதசமிக்கும் முதல் நாளே நடக்க ஆரம்பித்து, வீரபத்திரன் வீட்டு வாசலில் போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறானாம். சில வருஷம் துரத்துவார்களாம். சில வருஷம் கல் விழுமாம்.

நீங்கள் வந்து அவர் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார் என்று அவள் கேட்டாள். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். அவனை அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க வெளுத்து, உடம்பெல்லாம் கரி. மூட்டத்தில் வெடிப்பு விட்ட இடமெல்லாம் புகை வந்துகொண்டிருந்தது. ஈர மண்ணைக் குழைத்து அடைத்துக்கொண்டே, வாங்கண்ணே என்றான். நான் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பல், எண்ணாமல் விட்டது, அவன் இறங்கி வந்து சொன்னது, நான் அவன் வாயை அடைத்தது, பிறகு திருத்தி மாட்டியது, கோர்ட்டில் பொய் சொன்னது. பதினோரு வருஷம் உள்ளே கிடந்தது கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கருத்தம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்தவள் பாதியில் நின்று கேட்டாள்.

சின்னக்கருப்பன் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க நல்ல மனுசண்ணே. என் பாவத்துல பங்கு எடுத்துக்க இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக."

"ஏலே, நீ சொன்னல்ல. இடப்பக்கம் ஒடிப்பு கொறையுதுன்னு. நான்தான் கோர்ட்டுல மாத்திச் சொன்னேன்."

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. சொல்லியிருந்தா நீங்க ஏன் சொல்லலன்னு சொல்லப்போறீக? சத்தியம் பண்ணித்தான சொன்னீக."

எனக்குக் கோபம் வந்தது. அவன் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். மணலில் விரலால் தண்டை வரைந்து, பல்லை வரைந்து, எந்தப் பல்லில் ஏறியது என்று காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். பதினாறு வருஷம் அந்தக் காரை ஓட்டியவன், பல் ஒன்று தள்ளினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. சரிண்ணே, சரிண்ணே என்று தலையாட்டினான். வீம்பு பிடிக்கிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற தலையாட்டல் அது. பிறகு, குடித்த கைக்குப் பல் சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று சொல்லிவிட்டு எழுந்து புகையை அடைக்கப் போய்விட்டான்.

கருத்தம்மாள் செம்பை எனக்குக் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. இனிமே அவருகிட்டச் சொல்லிப் பிரயோசனமில்ல. இப்ப எங்க முன்னால சொன்னத அந்த வீட்டுல போயிச் சொல்லுங்க. அவுகளாவது அவர வாசல்ல நிக்கவிடாம, உம்மேல தப்பில்லடான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அவுக சொன்னா நம்புவாரு."

இன்றைக்கே போய்ச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை. ராமநாதபுரம் வந்து, வீரபத்திரன் ஊர் விலக்கு வழியாகப் போகிற பஸ்ஸில்தான் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் சின்னக்கருப்பன் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. நான் ஒண்ணும் சொல்லலண்ணே. நெஞ்சு லேசானது. ஒருவேளை அவன் சொல்லவே இல்லையோ, நானாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது. அப்படித் தோன்றியதற்காக என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

கண்மாய்க்கரைப் பாதை பிரிகிற விலக்கில் பஸ் நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லி, இறங்குகிற ஆள் இருக்கா என்று இரண்டு தடவை கேட்டார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து வருஷம் ஆயிற்று. இந்த விஜயதசமிக்கும் அவன் அங்கே போய் நின்றானாம்.